காயலாங்கடையில் லிபரேட்டர்: வேலூர்ப் பக்கம் போர்விமானத் துண்டுகளைத் தேடிய அனுபவம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களின் மிச்சத்தை வேலூர்ப் பக்கம் தேடுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "அரக்கோணம் போங்க, அங்கதான் ஏரோப்ளேன் கீது." போனேன். ஆனால் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைத்தவை எதுவும் அந்த ஓடுதளத்துப் பக்கம் கிடைக்கவில்லை. ஒன்று குடியாத்தத்தில் ஒரு சமையலறையில் இருந்தது. இன்னொன்று காட்பாடி காயலாங்கடையில். இன்னொன்று ரிட்டையர்டு விமானப்படைக்காரர் ஒருவரின் மேசைமேல், பேனா சொருகி வைத்த நிலையில். விமானம் எங்கே விழுந்தது என்று கேட்பதைவிட, அதன் உலோகம் யார் கை வழியாக ஊருக்குள் வந்தது என்று கேட்டால்தான் எங்கள் பக்கத்தில் ஏதாவது கிடைக்கும்.

என் தொழில் லேத் பட்டறை. சரித்திரம் படித்தவனில்லை. கையில் அளவெடுக்கும் வெர்னியரும் மரை பார்க்கும் த்ரெட் கேஜும் எப்போதும் இருக்கும், அதுதான் எனக்கு இருந்த வசதி.

அரக்கோணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானியக் கப்பற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ஆம் தேதி திரிகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று பயந்து ஜனங்கள் மூட்டை கட்டினார்கள், அரசு அலுவலகங்களே கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்கு இடம் மாறின. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் வரிசையாக விமானத் தளங்கள் எழுந்தன. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, தஞ்சாவூர், அரக்கோணம் எல்லாம் அந்தப் போர்க்காலத் தளங்கள்தான். அரக்கோணம் இன்றைக்குக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992 மார்ச்சில் கடற்படைத் தளமானது. உள்ளே போக முடியாது, வெளியிலிருந்து படம் எடுக்கவும் கூடாது. மதில் ஓரமாக கேமராவோடு சுற்றினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அந்தத் தளத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விசாரிக்கும்போது ஒரு விஷயத்தில் உஷாராக இருக்கவேண்டும். "நாலு காத்தாடி வெச்ச பெரிய குண்டு ப்ளேன், வீடே அதிரும்" என்று ஐம்பது வயதுக்காரர்கூட கண்ணால் பார்த்ததாகச் சொல்லுவார். பொய்யில்லை. அவர் பார்த்தது டுபொலேவ் 142. ரஷ்யத் தயாரிப்பு, கடல் கண்காணிப்பு விமானம், டுபொலேவ் 95 என்ற குண்டுவீச்சு விமானத்தின் வம்சம். 2017 மார்ச் மாதம் வரை ராஜாளியிலிருந்து பறந்தது. அதற்கும் 1942-க்கும் சம்பந்தம் கிடையாது. அதை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியமாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதனால் பெரியவர்களிடம் பேசும்போது நான் போட்டோவை முதலில் காட்டுவதில்லை. காட்டினால், "ஆமா தம்பி, இதேதான்" என்று எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். மரியாதைக்காகச் சொல்வது அது. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "தாத்தா, வால் எப்படி இருந்துச்சு, ஒத்த வாலா ரெட்ட வாலா, இறக்கை முதுகு மேலயா வயித்துக்குக் கீழயா" என்று கேட்டால் போதும். லிபரேட்டர் என்கிற பி-24 அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் என்றால் நாலு இன்ஜின், உடம்பின் மேல்பக்கத்தில் ஒல்லியான நீள இறக்கை, பின்னால் முட்டை வடிவத்தில் இரண்டு வால்தகடுகள். இறக்கை நுனிக்கு நுனி 110 அடி. டக்கோட்டா என்ற போக்குவரத்து விமானம் என்றால் இரண்டு இன்ஜின், கீழ் இறக்கை, ஒத்த வால். கோடு கோணலாக இருந்தாலும் இந்த மூன்று விஷயம் சரியாக வந்துவிடும். அப்புறம் ஆண்டு. யாரும் ஆண்டு சொல்ல மாட்டார்கள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா அப்ப? ரேஷன் கார்டு வந்துடுச்சா?" என்று கேட்டுத்தான் நெருங்கவேண்டும்.

சரி, குடியாத்தத்துக்கு வருவோம்.

வட ஆற்காட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தொழிற்சாலை 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து தொடங்கியது. போர் நடந்துகொண்டிருந்தபோது அமெரிக்க விமானப்படை அதைத் தன் 84-ஆவது டிப்போவாக வைத்துக்கொண்டு, விமானங்களைப் பழுது பார்க்கும் இடமாக்கியது. கட்டலினா பறக்கும் படகுகள், டக்கோட்டாக்கள், குண்டுவீச்சு விமானங்கள் எல்லாம் அங்கே பிரிக்கப்பட்டு, மாட்டப்பட்டு, திரும்பப் போயின. பிரித்ததில் தேறாத தகடு என்ன ஆகும்? கொஞ்சம் உருக்குவதற்குப் போகும், கொஞ்சம் டிஸ்போசல் ஏலத்துக்குப் போகும், கொஞ்சம் வீட்டுக்கு வரும்.

குடியாத்தத்தில் அந்தச் சமையலறை வீட்டுப் பாட்டியின் வீட்டுக்காரர் எச்.ஏ.எல்.லில் ஃபிட்டர். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. சமையலறைப் பரணில் ஒரு அலுமினியப் பெட்டி, முழ நீளம், உள்ளே காய்ந்த மிளகாய். நான் போனது அவர்கள் வீட்டுக் கிரைண்டர் மோட்டார் ஷாஃப்டைக் கொடுக்கத்தான். பெட்டியின் ஓரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அளவெடுத்த மாதிரி ஒரே இடைவெளியில் ரிவெட் வரிசை, அதில் பாதி ரிவெட் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வேறு எதற்கோ போட்ட ஓட்டையை அப்படியே விட்டு, தகட்டை மடக்கிப் பெட்டியாக்கியிருக்கிறார்.

"பாட்டி, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க வூட்டுக்காரரு பெங்களூர்லேர்ந்து எடுத்துனு வந்தாரு கண்ணு. ஏரோப்ளேன் தகடு, துருவே புடிக்காதுன்னுவாரு. இரு, புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சுக் காட்றேன்."

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். இதைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: பழைய விமானத் தகடு என்று சந்தேகம் வந்தால் புளி, சாம்பல், சபீனா, எமரி தாள், ஆசிட் எதுவும் படக்கூடாது. தகட்டு ஆலையில் மையால் அடித்த எழுத்து, பெயின்ட், முத்திரை எல்லாம் மேல்தோலில்தான் இருக்கிறது. அது போனால் வெறும் அலுமினியம், கிலோ விலைதான்.

மிளகாயைக் கொட்டிவிட்டு மூடியைத் திருப்பினோம். உள்பக்கம் மங்கிய பச்சைமஞ்சள் பூச்சு. அது ஜிங்க் குரோமேட் பிரைமர், அந்தக் கால அமெரிக்க விமானங்களின் உட்புறத்தில் சர்வசாதாரணம். குரோமேட் உடம்புக்கு ஆகாது, அதில் மிளகாய் வைப்பது சரியில்லை என்று பாட்டியிடம் பக்குவமாகச் சொன்னேன். "அம்பது வருசமா சாப்பிட்டுனு கீறேன்" என்றார். அதற்குமேல் என்ன பேச? மிளகாய் மட்டும் வேறு டப்பாவுக்கு மாறியது, மகள் மாற்றினாள்.

மூலையில் எண் மாதிரி ஏதோ இருந்தது. நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு தகடாகப் படுக்க வைத்து அடிக்கவேண்டும். அப்போது பள்ளமாக அடித்த எழுத்தின் நிழல் எழும்பும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். 32 என்று ஆரம்பித்து, ஒரு சின்னக் கோடு, பிறகு ஒரு எழுத்தும் எண்களும். பி-24 லிபரேட்டரை உருவாக்கிய கன்சாலிடேட்டட் கம்பெனி அந்த விமானத்துக்கு வைத்த மாடல் எண் 32. அதன் பாகங்களின் எண் 32-இல் ஆரம்பிக்கும். அதே கம்பெனியின் கட்டலினா மாடல் 28, பாகங்கள் 28-இல் ஆரம்பிக்கும். இரண்டுமே பெங்களூருக்கு வந்தவை என்பதால் இந்த இரண்டு இலக்கம்தான் முடிவு சொல்லும். ரிவெட் தலைகளில் நடுவே ஊசிமுனை அளவு குழி இருந்தது, அதுவும் அமெரிக்க ரிவெட்டின் அடையாளம்.

இந்தியாவில் லிபரேட்டர் கதை போரோடு முடியவில்லை. அதனால்தான் தேடினால் கிடைக்கிறது. கடன்-குத்தகைத் திட்டத்தில் அமெரிக்கா பிரிட்டனுக்குக் கொடுத்த விமானங்களைப் போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், இல்லை அழிக்கவேண்டும். பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் வரிசையாக நிறுத்தி, பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுப் போனது. எச்.ஏ.எல். ஆட்கள் அங்கே போய், ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, பெங்களூர் வரை பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் எச்.ஏ.எல். சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்த இந்த விமானங்கள் 1968 வரை ஓடின. அமெரிக்காவில், கனடாவில், லண்டன் மியூசியத்தில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் பல இங்கிருந்து போனவைதான். நம் ஊரில் ஒன்று, டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில், எச்.இ. 924 என்ற எண்ணோடு நிற்கிறது. தகட்டைத் தேடக் கிளம்பும் முன்னால் முழு விமானத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ரிவெட் வரிசை எப்படி ஓடும், எந்தத் தகடு எவ்வளவு தடிமன் என்று கண் பழகிவிட்டால் காயலாங்கடைக் குவியலில் அது தானாகக் கண்ணில் படும்.

பாட்டி வீட்டுத் தகடு போர்க்காலத்துப் பழுதில் வந்ததா, கான்பூர்க் கூட்டத்தில் வந்ததா என்பதற்கு அந்தத் தாத்தா எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார் என்பதுதான் சாட்சி. பி.எஃப். காகிதத்தில் 1949. ஆக, பெரும்பாலும் கான்பூர்.

காயலாங்கடைக்கு வேறு கணக்கு. அங்கே பொருள் இருக்கும், கதை இருக்காது. காட்பாடியில் எனக்குப் பழக்கமான கடையில் ஒரு சிலிண்டர் பேரல் கிடைத்தது. துடுப்பு துடுப்பாக ஓரம் வெட்டியது, காற்றில் குளிரும் ரேடியல் இன்ஜினுடையது. உள்விட்டம் அளந்தேன், தேய்மானம் போக 139.7 மில்லிமீட்டர். அதாவது ஐந்தரை அங்குலம். பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், ஆர்-1830, அதன் உள்விட்டமும் ஐந்தரை, ஓட்டமும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) ஐந்தரை. 14 சிலிண்டர், 1200 குதிரைசக்தி. லிபரேட்டரில் இந்த இன்ஜின் நான்கு இருக்கும். கடைக்காரர் காதில் இது விழுந்திருந்தால் விலை அங்கேயே இரண்டு மடங்கு ஆகியிருக்கும். ஆனால் அவசரப்பட இதில் ஒன்றுமில்லை. இதே ட்வின் வாஸ்ப்தான் கட்டலினாவிலும் டக்கோட்டாவிலும். டக்கோட்டா இந்தியாவில் எழுபதுகள் தாண்டியும் பறந்தது. ஆகவே சிலிண்டர், பிஸ்டன், வால்வை மட்டும் வைத்துக்கொண்டு குண்டுவீச்சு விமானம் என்று சொல்லமுடியாது. இன்ஜின் பாகம் பொதுச் சொத்து, தகடும் பிராக்கெட்டும்தான் விமானத்தின் சொந்தக் கையெழுத்து.

மரையாணி கிடைத்தால் விடாதீர்கள். இது எங்கள் தொழில்காரர்களுக்கு மட்டும் வாய்த்த சுலபவழி. அமெரிக்க மரை 60 டிகிரி, பழைய பிரிட்டிஷ் மரை 55 டிகிரி. த்ரெட் கேஜை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிமிஷத்தில் எந்த நாட்டு விமானம் என்று பாதி பதில் வந்துவிடும். மீட்டர், சுவிட்ச் மாதிரியானவற்றில் கிரீடமும் அதன்கீழ் ஏ.எம். என்ற எழுத்தும் இருந்தால் பிரிட்டிஷ் விமான அமைச்சகத்துச் சரக்கு. 6ஏ என்று தொடங்கும் ஸ்டோர் எண் இருந்தால் விமானக் கருவி. தஞ்சாவூர்த் தளத்தில் 36-ஆம் ஸ்குவாட்ரன் வைத்திருந்த வெலிங்டன் பிரிட்டிஷ் விமானம், அதன் உடம்பே டியூராலுமின் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மேலே துணி போர்த்தியது. அதன் துண்டு கிடைத்தால் தகடாக இருக்காது, வளைந்த பட்டையாகத்தான் இருக்கும். எனக்கு இதுவரை சிக்கவில்லை.

சோளிங்கர் பக்கம் ஒரு நிலத்தில், கிணற்று மோட்டார் கொட்டகைக்குக் கதவாக ஓட்டை போட்ட இரும்புத் தகடு நிற்கிறது. பத்தடி நீளம், பதினைந்து அங்குல அகலம், மூன்று வரிசையில் வரிசைக்கு 29 ஓட்டை. போர்க்காலத்தில் மண் தரையில் விரித்து ஓடுதளமாக்கிய தகடு. நிலத்துக்காரர், "இங்கயே ஏரோப்ளேன் எறங்குச்சாம்" என்கிறார். இருக்காது. இந்தத் தகடுகள் போர் முடிந்ததும் டிஸ்போசலில் நாடு முழுக்க விலைபோனவை. கனமான பொருளானாலும் லாரி இருக்கும் இடத்துக்குப் போய்விடும். ஒரு இடத்தில் விமானத்தளம் இருந்ததா என்று தெரிய, கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் புலப்படமும் பாருங்கள். போரில் கையகப்படுத்திய நிலம் பதிவேட்டில் தடம் விடாமல் போகாது. இன்னொன்று, 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கிறது. விமானத் தளங்கள், இறங்குதளங்கள் குறியோடு இருக்கும். பழைய ஆங்கில ஆவணங்களில் அரக்கோணம் 'ஆர்க்கோணம்' என்றே இருக்கும், தேடும்போது அதையும் போட்டுப் பாருங்கள். மாவட்டப் பெயரும் இன்றைய ராணிப்பேட்டை அல்ல, வட ஆற்காடு.

விபத்து நடந்த இடத்தைத்தான் தேடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கல்லறையிலிருந்து தொடங்கவேண்டும். வேலூரிலிருந்து சென்னை போகும்போது பூந்தமல்லி தாண்டி நந்தம்பாக்கத்தில் இருக்கிறது மெட்ராஸ் போர்க் கல்லறை. தென்னிந்தியாவில் அங்கங்கே புதைத்தவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். விமானப்படைச் சின்னம் உள்ள கற்களில் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். ஒரே தேதியில் நாலைந்து பேர் என்றால் அது அநேகமாக ஒரு விமானத்தின் ஆட்கள். பெயரையும் ஸ்குவாட்ரனையும் குறித்துக்கொண்டு, லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுப்பில் அந்த ஸ்குவாட்ரனின் தினக்குறிப்பைத் தேடலாம். தளத்தின் குறிப்பு வேண்டுமென்றால் ஏர் 28. லிபரேட்டர் வைத்திருந்த 358-ஆம் ஸ்குவாட்ரன் 1944-இல் நமக்குப் பக்கத்தில் கோலாரில்தான் உருவானது, அதனால் பலமநேர் மலைப்பக்கத்துக் கதைகளை நான் சும்மா தள்ளிவிடுவதில்லை.

தோண்டுவதற்கு மட்டும் நான் எதிரி. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டிய பொருள். அந்தப் பத்து ரூபாயைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் சட்டம் இன்னும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மண்ணுக்குள் இருப்பது தகடா வெடிகுண்டா என்று மெட்டல் டிடெக்டருக்குத் தெரியாது. உருண்டையாக, கனமாக, மூக்கு வைத்த மாதிரி எதைப் பார்த்தாலும் தொடாமல் விலகி போலீசுக்குச் சொல்லுங்கள். காயலாங்கடையில் கிடந்தாலும் அதே விதிதான்.

வீட்டுக்குள் வரும் ஆபத்து இரண்டு. இருட்டில் ஒளிரும்படி எழுத்து போட்ட பழைய மீட்டர்களில் ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது, ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருஷம். கண்ணாடி உடைந்த மீட்டரை வாங்கவே வாங்காதீர்கள், நல்லதாக இருந்தாலும் திறக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டாவது மெக்னீசியம். சக்கரமும் சில கேசிங்குகளும் மெக்னீசியம் கலப்பில் வார்த்தவை, தூக்கினால் அலுமினியத்தைவிட லேசாக இருக்கும். அதை கிரைண்டரில் பிடித்தால் தூள் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசம். எங்கள் பட்டறையில் இதற்கென்றே ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்திருக்கிறோம்.

கடைசியாக அந்தப் பேனா ஸ்டாண்டு. வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டை, ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்தில் இருந்தவர் இல்லாத தெரு அபூர்வம். அப்படி ஒரு பெரியவர், விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வுபெற்றவர். புனேயில் லிபரேட்டர் வைத்திருந்த 6-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்ததற்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினார். மேசைமேல் கவிழ்த்து வைத்த பிஸ்டன், மோதிரக் காடிகளில் ரப்பர் பேண்டு, பின்பக்கம் பேனாக்கள். அளந்தேன். ட்வின் வாஸ்ப்தான். ஆனால் அவர் அதற்குப் பிறகு டக்கோட்டா ஸ்குவாட்ரன் ஒன்றிலும் நாலு வருஷம் இருந்திருக்கிறார், அதுவும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

என் நோட்டில் பொருளுக்கு ஒரு பக்கம். எண், அளவு, யார் கொடுத்தது, அவருக்கு எங்கிருந்து வந்தது, கடைசியில் தீர்ப்பு: 'உறுதி', 'இருக்கலாம்', 'இல்லை'. பாட்டியின் பெட்டி 'உறுதி'. பிஸ்டனுக்கு 'இருக்கலாம்' என்று எழுதினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கிப் படித்தார்.

"இருக்கலாம்னா இன்னா அர்த்தம்? லிபரேட்டர் மூணாம் நம்பர் இன்ஜின்லேர்ந்து நாந்தான்யா கழட்டுனேன்."

தீர்ப்பை மாற்றவில்லை. அவர் சொன்னதை அப்படியே, தேதி போட்டு, அதன் கீழே எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.